டைப் சாரின் பேரேடுகள்: முதுநகர்க்காரர்கள் தங்கள் நினைவுகளை இங்கே எழுதுங்கள்

உப்பனாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, காலை 6.40

எங்கள் அப்பாவைக் கடலூர் முதுநகரில் பெயர் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘டைப் சார்’ என்று கேட்டால் மீன் அங்காடியிலிருந்து துறைமுகம் சந்திப்பு ரயில் நிலையம் வரை யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். தட்டச்சுப் பயிலகம் நடத்தினார். 1986 நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டின் கவுன்சிலரானார். அந்த ஒரே முறைதான். 1991இல் மன்றத்தின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் அவர் நிற்கவில்லை. ஆனாலும் சென்ற ஆண்டு ஆவணியில் கண்மூடும் வரை, மாலை ஐந்து மணியிலிருந்து ஏழரை வரை எங்கள் திண்ணையில் யாராவது ஒருவர் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை தலைத்திவசம். புதுச்சேரியிலிருந்து நேற்றே வந்துவிட்டேன். திவசத்துக்குப் பித்தளைப் பாத்திரங்கள் வேண்டும் என்று அம்மா பரணில் ஏறச் சொன்னார். பாத்திரங்களுக்குப் பின்னால் காலிகோ அட்டை போட்ட நீள நோட்டுகள் பதினொன்று இருந்தன. அவருடைய மனுப் பேரேடுகள். அவர் எழுதிக்கொண்டிருந்ததைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் நான். பிரித்துப் படித்தது நேற்றுத்தான்.

வரிசை எண், தேதி, யார், என்ன, எங்கே கொடுத்தது, முடிவு. இவ்வளவுதான் கட்டங்கள். 1988ஆம் ஆண்டு நோட்டில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். ஆட்களின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

412. மூன்றாம் சந்து பொதுக் குழாயில் உப்புத் தண்ணீர். பொறியாளர். முடிந்தது.
413. சின்னவளுக்குப் பள்ளிக்கூடப் பை. நான். முடிந்தது.
414. கணவரை இழந்தவர், உதவித்தொகை. தாசில்தார். நிலுவை.

413இல் உள்ள சின்னவள் நான்தான். நீல நிறப் பை, இரண்டு பித்தளை கொக்கி.

சிறுவயதில் எனக்கு ஒரு ஆற்றாமை இருந்தது. அப்பா ஊருக்கெல்லாம் அப்பா, மிச்சம் மீதிதான் நமக்கு என்று நினைத்திருக்கிறேன். கல்லூரி நாட்களில் அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன். அவர் பதில் பேசவில்லை. பரண் ஏணியில் நின்றபடி பார்க்கிறேன்: அண்ணனின் மூக்குக்கண்ணாடி, பாட்டியின் மருந்து, நான் கேட்ட ஜியோமெட்ரி பாக்ஸ், அம்மாவின் தையல் இயந்திரத்துக்குப் புதுப் பெல்ட், எல்லாம் தெருக்காரர்களின் மனுக்களுக்கு நடுவே, அதே வரிசை எண்ணில், அதே கையெழுத்தில் இருக்கின்றன. எங்களுக்கென்று தனி நோட்டு இல்லை. அவர்களுக்கென்றும் தனி நோட்டு இல்லை. அம்மா கீழேயிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, “என்னம்மா, பாத்திரம் கிடைத்ததா இல்லையா?” என்று மூன்று முறை கேட்ட பிறகுதான் இறங்கினேன்.

கடைசி எண் 6,118. பல எண்களுக்கு எதிரே ‘நிலுவை’ என்று இருக்கிறது. அவற்றில் எவை பிறகு முடிந்தன என்று எங்களுக்குத் தெரியாது. இந்தக் குழுவில் முதுநகர், சிங்காரத்தோப்பு, தேவனாம்பட்டினம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் காகிதம் எதுவும் எங்கள் திண்ணை வழியாகப் போயிருந்தால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

ஹையர் 1989
ஞாயிறு, காலை 8.05

அக்கா, நான் மாலை ஐந்து மணி பேட்ச். லோயர், ஹையர் இரண்டும் உங்கள் அப்பாவிடம்தான் தேறினேன். இன்று நான் சாப்பிடுகிற சோறு அந்த விரல்களில் அவர் ஏற்றியது.

ஐந்து மணி பேட்ச் என்றால் ஓர் இயந்திரம் திண்ணைப் பக்கம் போய்விடும். யாருக்கு ஸ்பீடு நன்றாக வந்திருக்கிறதோ அவர்தான் அன்றைக்கு மனு அடிக்க வேண்டும். தேர்வுக்கு அடிக்கிற பாடத்தில் ஒரு எழுத்துப் பிழை வந்தால் திட்டமாட்டார். மனுவில் வந்தால் தாளை உருவிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் கொடுப்பார். அந்தத் தாளுக்கும் கார்பனுக்கும் யாரிடமும் காசு வாங்கியதில்லை.

ஒரு நாள் ஓர் அம்மா சொல்லச் சொல்ல, ‘கண்ணீருடன் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று அடித்துவிட்டேன். சார் வாசித்துப் பார்த்து, “கண்ணீரை எடுத்துவிட்டுத் தேதியைப் போடு” என்றார். எந்தத் தேதியில் முதல் விண்ணப்பம் கொடுத்தார், யார் வாங்கிக்கொண்டார், ரசீது இருக்கிறதா, என்ன வேண்டும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் வாசற்படி இறங்கக் கூடாது. இன்றுவரை நான் அலுவலகத்தில் எழுதுகிற குறிப்புகள் எல்லாம் அந்த அளவில்தான் நிற்கின்றன.

இன்னொன்று. ஏழரை மணி ஆனால் இயந்திரத்துக்கு ரெக்சின் உறையைப் போட்டுவிடுவார். உள்ளே உங்கள் பாட்டி படுக்கையில் இருந்தார்கள். இரசம் சோறு பிசைந்து ஊட்டுவது சாரின் வேலை. ஒரு முறை கட்சிக்காரர்கள் ஐந்தாறு பேர் ஒரு பெரிய மனிதரை அழைத்துக்கொண்டு எட்டு மணிக்கு வந்தார்கள். “அம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், உட்காருங்கள்” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் விளக்கை அணைத்துவிட்டுப் போகக் காத்திருந்தேன், அதனால் தெரியும்.

பழைய எழுத்தர்
ஞாயிறு, பகல் 11.20

நான் எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தேன் என்பதை எழுதவில்லை. பிறப்பு, இறப்புப் பதிவு என் மேசையில் இருந்தது என்பது போதும்.

இளைஞர்கள் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 1991இல் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்த பிறகு, 1996 அக்டோபர் வரை தமிழ்நாட்டில் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்தான் எல்லாம். மறுபடியும் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை நகரங்களில் அதே நிலை. கடலூர் 1866இல் நகராட்சியான ஊர். 2021இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. குழாய் உடைந்தாலும் விளக்கு எரியாவிட்டாலும் யாரிடம் போவது? 1991க்குப் பின் அந்த ஐந்து ஆண்டுகளும் டைப் சார் வாரம் இரண்டு நாள் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். முதல் வாரத்தில் எங்கள் மேலதிகாரி, “இப்போது நீங்கள் கவுன்சிலர் இல்லையே” என்றார். “தெரு அங்கேயேதான் இருக்கிறது” என்று சார் பதில் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

அவரால் எனக்கு ஒரு முறை விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பாதிப் பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இருக்காது. பிறந்தவுடன் பதிவு செய்துவிடுவார்கள், பெயர் வைப்பது பிறகுதானே. ஓராண்டுக்குள் வந்தால் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இது மக்களுக்குத் தெரியாது. நாங்களும் எடுத்துச் சொல்லவில்லை. சார் ஒரு ஜூன் மாதத்தில் பள்ளிக்கூட வாசலில் நின்று பெயரில்லாத சான்றிதழ்களையெல்லாம் பட்டியல் எடுத்து, நாற்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை ஒரே நாளில் என் மேசையில் வைத்தார். நான் அவற்றை மூன்று மாதம் தொடவில்லை. வேலைப் பளு என்று அப்போது சொன்னேன். உண்மையில் அலட்சியம். அவர் மேலே எழுதினார்; எனக்குக் கடிதம் வந்தது.

எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்த அன்று அவர் என் மேசைக்கு வந்து, “உங்கள் மகளுக்குப் பெயர் சேர்த்துவிட்டீர்களா?” என்று கேட்டார். சேர்க்கவில்லை. அடுத்த நாள் சேர்த்தேன். அம்மா, உங்கள் பேரேட்டில் அந்தப் பட்டியல் ‘முடிந்தது’ என்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உப்பனாற்றங்கரை
ஞாயிறு, பகல் 12.02

ஐயா, இருக்கிறது. 1,207 முதல் 1,250 வரை. ஒவ்வொன்றாக ‘முடிந்தது’ என்று எழுதியிருக்கிறார். 1,251 உங்கள் மகள். எழுத்தர் வீட்டுக் குழந்தை என்று குறித்து, அடுத்த நாள் தேதி போட்டு ‘முடிந்தது’ என்று இருக்கிறது.

தேவனாம்பட்டினத்தான்
ஞாயிறு, இரவு 10.48

மஸ்கட்டிலிருந்து எழுதுகிறேன். வேலை முடிந்து அறைக்கு வந்து படித்தேன். இரண்டு முறை எழுத முயன்று நிறுத்திவிட்டேன்.

2004 டிசம்பர் 26. மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பதினான்கு வயது. காலையில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த எங்கள் அப்பா திரும்பி வரவில்லை. மாவட்டம் முழுவதும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். எங்கள் ஊர் மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் ஒன்று. உடல் கிடைத்தவர்களுக்கு அழ ஓர் இடம் இருந்தது. எங்களுக்கு அது இல்லை.

மூன்றாம் நாள் முகாமுக்கு டைப் சார் வந்தார். சைக்கிள் கேரியரில் சின்ன டைப்ரைட்டர் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். எல்லாரும் வந்து “என்ன நடந்தது, எப்படி நடந்தது” என்று கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் அதைக் கேட்கவில்லை. என்ன நிறக் கைலி, உடம்பில் தழும்பு உண்டா, குடும்ப அட்டை எண் நினைவிருக்கிறதா என்று கேட்டார். காணாமல் போன ஒருவர் இறந்தவராகக் கருதப்பட ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் பொதுவான விதி. அந்த முறை அரசு அதைத் தளர்த்தி, காவல் நிலையத்தில் புகார், அதன் மேல் விசாரணை, பிறகு சான்றிதழ் என்று தனி வழி வகுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ககன்தீப் சிங் பேடி முகாம்களிலேயே நின்று வேலை பார்த்ததை எங்கள் ஊரில் இன்றும் பேசுவார்கள். ஆனால் அந்தக் காகிதங்களை எங்கள் பக்கத்திலிருந்து எழுத ஒரு ஆள் வேண்டுமே. அந்த ஆள் சார்.

எங்கள் அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். போட்டால் அப்பா இறந்ததாக ஆகிவிடும். உறவுக்காரர்கள் சத்தம் போட்டார்கள், பணம் வராது என்றார்கள். சார் எதுவும் சொல்லவில்லை. தட்டச்சு செய்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் மாலையில் வருவார், சிறிது நேரம் உட்கார்ந்திருப்பார், போய்விடுவார். கிட்டத்தட்ட நாற்பது நாள். ஒரு நாள் உங்கள் அம்மாவைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்தார். அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்களைக் கூடாரத்துக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். இருட்டும் வரை பேசினார்கள். மறுநாள் அம்மா கையெழுத்துப் போட்டார்கள்.

எங்கள் அம்மாவுக்கு இப்போது அறுபத்தைந்து வயது. உங்கள் அம்மாவை ‘அக்கா’ என்றுதான் சொல்வார்கள்.

உப்பனாற்றங்கரை
திங்கள், காலை 5.55

தம்பி, இது எனக்குத் தெரியாது. அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. அப்பாவின் சட்டைப் பையில் ஒரு தாள் எப்போதும் இருந்ததும், சட்டையைத் துவைக்கும்போது அம்மா அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்ததும் மட்டும் நினைவிருக்கிறது.

கெடிலம்
திங்கள், காலை 9.30

மறைந்த பெரியவரை வணங்குகிறேன். ஆனாலும் என் மனத்தில் இருப்பதை எழுதாமல் போனால் அது அவருக்கும் மரியாதை ஆகாது.

6,118 மனு என்றால், ஏறக்குறைய அத்தனை முறை ஏதோ ஓர் அலுவலகம் தானாகச் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை என்று பொருள். அந்தக் கணக்கைப் பார்த்து எனக்கு நெகிழ்ச்சியைவிடக் கோபம்தான் வருகிறது. நல்ல மனிதர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வரை தெருவுக்கு நிம்மதி. அவர் போன பிறகு? எங்கள் தெருவிலும் இப்படி ஒரு பெரியவர் இருந்தார். அவர் இறந்த பிறகு முதியோர் உதவித்தொகை நின்றுபோனால் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று கூட எங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டு அவரிடம் போய்ப் போய்ப் பழகிவிட்டார்கள். தனி மனிதரின் நல்ல குணத்தை நம்பி ஊர் நடக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு கேள்வி. இவ்வளவு செய்தவர் 1996இல், 2001இல் மறுபடியும் நின்றிருந்தால் மன்றத்துக்குள்ளேயே இருந்து மாற்றியிருக்கலாமே. ஏன் ஒதுங்கினார்?

மீன்கூடை
திங்கள், பிற்பகல் 2.15

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதில் எங்கள் அம்மாதான்.

1992ஆம் ஆண்டின் 74ஆவது சட்டத் திருத்தம் நகராட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அதன்படி 1996 தேர்தலில் எங்கள் வார்டு பெண்கள் வார்டானது. எல்லாக் கட்சிக்காரர்களும் டைப் சார் வீட்டு வாசலுக்கு வந்து, “உங்கள் வீட்டு அம்மாவை நிறுத்துங்கள், வேலையை நீங்கள் பாருங்கள்” என்றார்கள். அப்படித்தான் ஊரில் பல இடங்களில் நடந்தது, இன்றும் நடக்கிறது. கவுன்சிலர் அடுப்படியில் இருப்பார், கணவர் நாற்காலியில் இருப்பார். சார் மறுத்துவிட்டார். சாரின் மனைவி, “எனக்குத் தையல் இயந்திரம் இருக்கிறது, அது போதும். யார் பெயராலோ நான் உட்கார மாட்டேன்” என்றாராம்.

எங்கள் அம்மா தலைச்சுமையாக மீன் விற்றவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். குழாயடிச் சண்டையில் யாருக்கு எத்தனை குடம் என்று முறை வைத்துத் தீர்த்தவர். ஒரு நாள் மாலை சாரும் அவர் மனைவியும் எங்கள் குடிசைக்கு வந்து, “நீங்கள் நிற்க வேண்டும்” என்றார்கள். அம்மா சிரித்துவிட்டார். அப்போது சார் அஞ்சலையம்மாளைப் பற்றிச் சொன்னார். இதே முதுநகரில் பிறந்தவர், விடுதலைப் போராட்டத்தில் பல முறை சிறைக்குப் போனவர், 1937இலேயே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். “அந்தத் தெருவிலிருந்து அவர் கோட்டைக்குப் போனார். உங்களை நான் நகராட்சி வரைக்கும்தான் போகச் சொல்கிறேன்” என்றார்.

சுயேச்சையாக நின்று அம்மா ஜெயித்தார். மன்றக் கூட்டத்துக்கு முன்பு அஜெண்டா வீட்டுக்கு வரும். அதை எடுத்துக்கொண்டு இரவு அவர்கள் வீட்டுக்குப் போவோம். அம்மா எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பார். ‘ஒப்பந்தப்புள்ளி’, ‘மதிப்பீடு’, ‘பின்னேற்பு’ என்று ஒவ்வொரு சொல்லாக. சார் பொருள் சொல்வார். எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று ஒரு முறை கூடச் சொன்னதில்லை. முதல் ஆண்டிலேயே ஒரு கால்வாய்ப் பணியில் அம்மா சாருடைய கருத்துக்கு எதிராக வாக்களித்தார். அன்று இரவு நாங்கள் பயந்துகொண்டே போனோம். அவர் அடுத்த அஜெண்டாவைப் பிரித்தார்.

அந்த ஐந்து ஆண்டும் கூட்டம் நடக்கிற நாட்களில் சார் நகராட்சிக் கட்டடத்துப் பக்கமே வரவில்லை. “நான் வராந்தாவில் நின்றால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், உன் அம்மாவைப் பார்க்க மாட்டார்கள்” என்று என்னிடம் சொன்னார். ஒதுங்கினார் என்ற சொல் எனக்குச் சரியாகப் படவில்லை, கெடிலம் அவர்களே.

கெடிலம்
திங்கள், பிற்பகல் 3.40

ஏற்றுக்கொள்கிறேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். முதல் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

உப்பனாற்றங்கரை
திங்கள், இரவு 9.20

கெடிலம் அவர்களுக்கு. இன்று முழுவதும் நோட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் கேள்வியை அப்பாவே கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் அப்படி எங்கும் எழுதிவைக்கவில்லை. நோட்டைப் பார்த்தால் தெரிகிறது.

2005 அக்டோபர் 12இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு தாள் எழுதினால், முப்பது நாளுக்குள் அலுவலகம் பதில் சொல்ல வேண்டும். அப்பா அந்தச் சட்டத்தைத் தமிழில் தட்டச்சு செய்து திண்ணைச் சுவரில் ஒட்டியது எனக்கு நினைவிருக்கிறது. எட்டாவது நோட்டு 2006இல் தொடங்குகிறது. அதிலிருந்து கையெழுத்து மாறுகிறது. அப்பாவுடைய சாய்வான எழுத்து குறைந்துகொண்டே போய், குண்டு எழுத்து, நடுங்கும் எழுத்து, பென்சிலில் எழுதிய குழந்தை எழுத்து எல்லாம் வருகின்றன. அந்த ஆண்டு முதல் அவர் புது விதி வைத்துவிட்டார். எழுதுவது நீங்கள், திருத்துவது மட்டும்தான் நான். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையை அழைத்து வாருங்கள். பேரேட்டில் பதிவதும் அந்தப் பிள்ளைதான். பலருக்கு அது பிடிக்கவில்லை. “சாருக்கு வயதாகிவிட்டது, எரிந்து விழுகிறார்” என்று தெருவில் பேசினார்கள். அந்த நேரத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போதுமானதைச் செய்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லும் கோபம் அவருக்குள்ளும் இருந்திருக்கும். ‘நிலுவை’ என்று எழுதும்போது பேனாவை அழுத்தியிருக்கிறார்; தாளின் பின்பக்கம் தடவினால் கையில் தட்டுப்படுகிறது.

வீட்டுக்கு என்ன விலை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தானே புயல் 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பயிலகத்தின் ஓட்டுக் கூரை முழுவதும் போய்விட்டது. ஏழு இயந்திரங்கள் மழையில் நனைந்து கிடந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் அப்பா மண்ணெண்ணெய் விளக்கில் தெருவின் சேதப் பட்டியலை எழுதவைத்துக்கொண்டிருந்தார். குடிசை இழந்தவர்கள், சுவர் விழுந்தவர்கள், படகு உடைந்தவர்கள் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. எங்கள் பயிலகம் எண்பத்தேழாவதாக வருகிறது. யார் எந்த நேரம் வந்தார்களோ அந்த வரிசை. நான் எண்ணிப் பார்த்தேன். இயந்திரங்கள் துருப்பிடித்துவிட்டன, பயிலகம் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அம்மாவின் தையல்தான் வீட்டை நடத்தியது. அம்மாவின் கண் கெட்டதற்கும் அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு வரி இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். 1987 ஜனவரி முதல் தேதியில் இருக்கிறது: ‘அவளைச் சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்கு அழைத்துச் செல்வது. நான். நிலுவை.’ அடுத்த ஜனவரியிலும் அதே வரி. அதற்கு அடுத்த ஆண்டும். பாட்டி படுக்கையில் இருந்த ஆண்டுகள், வெள்ளம் வந்த ஆண்டுகள், அலை வந்த ஆண்டு, புயல் வந்த ஆண்டு. எங்கள் கரையில் கார்த்திகை, மார்கழி என்றாலே யாராவது ஒருவருக்குக் கூரை இருக்காது. 2024 ஜனவரி வரை முப்பத்தெட்டு முறை எழுதியிருக்கிறார். சிதம்பரம் இங்கிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான்.

மஞ்சக்குப்பம் வாசி
செவ்வாய், காலை 7.15

அந்தத் தெருவுக்கு அவர் பெயரை வைக்க மாநகராட்சிக்கு ஒரு மனு கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் வேண்டுமானால் எழுதுகிறேன். எல்லாரும் கையெழுத்திட முடியுமா?

ஹையர் 1989
செவ்வாய், காலை 7.50

நான் முதல் கையெழுத்து. ஆனால் குடும்பத்தைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சிங்காரத்தோப்பு
செவ்வாய், இரவு 8.33

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. அக்கா எழுதிய ‘பென்சிலில் எழுதிய குழந்தை எழுத்து’ என்ற வரியைப் படித்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. 2009ஆம் ஆண்டு நோட்டில், தெருவிளக்கு பற்றி, ‘விளக்கு’ என்பதற்கு ‘விலக்கு’ என்று எழுதி அடித்துத் திருத்தியது இருக்கிறதா என்று பாருங்கள். அது நான். ஏழாம் வகுப்பு. எங்கள் அம்மா இரவு இறால் நிறுவனத்தில் வேலை முடித்து வருகிற சந்தில் மூன்று மாதமாக விளக்கு இல்லை. தாத்தா என்னை எழுதச் சொன்னார். நான்கு முறை தவறினேன். ஐந்தாவது தாளில் சரியாக வந்தது. என் பெயரிலேயே கொடுக்கச் சொன்னார். பதினோராம் நாள் விளக்கு எரிந்தது. அன்று இரவு நான் அந்தக் கம்பத்தின் கீழே நின்று வீட்டுப்பாடம் எழுதினேன், எழுத வேண்டிய தேவையே இல்லை, சும்மா.

கெடிலம் அண்ணா, உங்கள் தெருவுக்கு ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்க எனக்குத் தெரியும். உதவித்தொகை நின்றுபோனவர்களின் வங்கிப் புத்தகம், ஆதார், பழைய உத்தரவு நகல் மூன்றையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வருகிற திங்கள் எனக்கு விடுமுறை. ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளை யாராவது கூட வர வேண்டும், அந்தப் பிள்ளைதான் எழுத வேண்டும்.

கெடிலம்
செவ்வாய், இரவு 9.05

என் தங்கை மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அவனை அழைத்து வருகிறேன். இரண்டு பாட்டிகளுக்கு நின்றுபோயிருக்கிறது. நன்றி, அம்மா.

உப்பனாற்றங்கரை
சனி, காலை 6.10

நேற்று திவசம் நல்லபடியாக முடிந்தது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இந்த இழை முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பழைய எழுத்தர் எழுதியதற்குத் தலையாட்டினார். மீன்கூடையின் அம்மா எதிர்த்து வாக்களித்த இடம் வந்தபோது, “அன்று இரவு முழுவதும் அவர் தூங்கவில்லை, விடிந்ததும் அவள் சொன்னதுதான் சரி என்றார்” என்றார். சிங்காரத்தோப்புப் பெண்ணின் பக்கத்தைத் தேடி எடுத்து, ‘விலக்கு’ என்று எழுதி அடித்த இடத்தை அம்மா விரலால் தடவிப் பார்த்தார். தெருப் பெயர் வேண்டாமாம். பேரேடுகளைத் திண்ணையில் வைக்கலாம், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும் என்றார். பன்னிரண்டாவது நோட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். 6,119இலிருந்து யார் எழுதுவது என்பதை வருகிற திங்கட்கிழமைக்குப் பிறகு பேசலாம்.

சிதம்பரம் வரியைப் பற்றிக் கேட்கத் தயங்கினேன். அம்மாவே பேசினார். அந்த வரி அவருக்கு முதலிலிருந்தே தெரியும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதி காலையில் அப்பா அதை எழுதி, அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் மற்ற எண்களைத் தொடங்குவாராம். வரியின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது. மைப்பொட்டு என்று நினைத்திருந்தேன். அது அம்மா வைத்தது. முப்பத்தெட்டுப் புள்ளி. “போகவில்லை என்ற குறை எனக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்” என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

விளக்கை அணைக்கப் போனபோது கூப்பிட்டு, இந்த மார்கழிக்குப் போகலாம் என்றார். அதிகாலையில் ஆயிரங்கால் மண்டபத்து அபிஷேகத்திலிருந்தே பார்க்க வேண்டுமாம், அதனால் முதல் நாளே போய்த் தங்க வேண்டும்.

தேவனாம்பட்டினம் தம்பி, உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அக்கா கேட்கச் சொன்னார்: இருவருக்கும் சேர்த்து அறை எடுக்கட்டுமா?